சீல் போட்ட கனெக்டர்

பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசும். எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், படகுகளுக்கு வயரிங் செய்கிற கடையில் வேலை பார்க்கிறேன். என் தம்பி ஒரு விசைப்படகில் டிரைவர். அந்தப் படகின் முதலாளி ஒருநாள் கடைக்கு வந்தார். படகு நிற்கும் இடத்தைக் கரைக்குக் காட்டுகிற கருவி அடிக்கடி அணைந்துபோகிறது என்றார். ஆபத்தென்றால் அதிலுள்ள பொத்தானை அமுக்கித்தான் உதவி கேட்க வேண்டும்.

“கருவி நல்லாத்தான் இருக்கு. போனுக்குச் சார்ஜ் போட இந்தப் பயலுவ வயர உருவிருதானுவ. சாவி இல்லாம கழத்த முடியாத கனெக்டரா பாத்துப் போடு, ஏளா. சாவி எங்கிட்ட இருக்கட்டும்.”

அப்படி ஒன்று கடையில் இருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். எவ்வளவு இறுக்கினாலும் உப்புத்தண்ணீர் என்றைக்காவது உள்ளே இறங்கும். கழற்றித் துடைத்து மாட்டினால்தான் கருவிக்கு உயிர் வரும். நடுக்கடலில் அப்படி ஆனால்? சாவி கரையில் இருக்கும், தம்பி கடலில் இருப்பான். அவரிடம் அதைச் சொல்லாமல், ரெண்டு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

தம்பியிடம்தான் சொன்னேன். “சாவி அவரு பீரோவுல கெடந்தா, நாங்க மீன்கிட்டயாக்கா கேக்க?” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலாளி மறுபடி வந்தபோது, கையால் திருகிக் கழற்றுகிற வட்டக் கனெக்டரை முன்னால் வைத்தேன். போன் வயர் அதில் சேராது. போனுக்குத் தனியாக ஒரு பாயிண்ட் தருகிறேன் என்றேன்.

“கையால திருகுனா கழண்டுருமே. இதுக்கா வந்தேன்?”

மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “கண்டெய்னருக்குப் போடுத மாதிரி நம்பர் சீல் போட்டுருதேன், அண்ணாச்சி. ஆபத்துன்னா அறுக்கலாம். அறுத்தா தெரிஞ்சிரும்.”

அந்த சீல் ஒருமுறை அறுந்தால் மறுபடி ஒட்டாது; துறைமுக ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டாம். அவர் கனெக்டரைக் கையில் எடுத்துத் திருகிப் பார்த்தார்.

“அறுந்திருந்தா ஒன் தம்பிகிட்டதான் கேப்பேன். பதில் சரியில்லன்னா வேற டிரைவர்.”

தலையாட்டினேன். படகில் ஏறி நானே மாட்டினேன். சின்ன பிளாஸ்டிக் சீல். ஒரு இழுப்புக்குத் தாங்காது. தம்பியைக் காப்பாற்றினேனா, மாட்டிவிட்டேனா என்று இறங்கும்போது எனக்கே தெரியவில்லை.

மறுநாள் படகு திரும்பியபோது சீல் அறுந்திருந்தது. கருவியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அலை அடித்து அணைந்ததால் கழற்றித் துடைத்து மாட்டியதாகத் தம்பி சொன்னான். முதலாளி விளக்கைப் பார்த்துவிட்டு, வேறு டிரைவர் பேச்சை எடுக்காமல் புது சீல் போடச் சொன்னார். போட்டேன்.