மாதாவுக்கு நான் கட்டிய சேலை

நான் சொன்னது பொய். மாதா என் கனவில் வரவில்லை.

சினிமாவில் பார்த்தேன்... அதுதான் உண்மை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்றாம் வருடம். எங்கள் ஊர் ஒரகடம் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் பல்பு பேக்கிங் லைனில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை வீட்டில் ஓ.டி. என்று சொல்லிவிட்டுக் குன்றத்தூரில் மேட்னி பார்த்தேன்.

கதை மறந்துவிட்டது. கதாநாயகி மாடிப்படி இறங்கி வந்தது மறக்கவில்லை. நீலச் சேலை. முந்தானையைத் தலையில் போட்டு, ஓரத்தை வலது தோளில் விசிறிபோல மடித்து விட்டிருந்தாள். படி இறங்க இறங்க அது விரிந்தது. அப்படி ஓர் அழகு! அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

எங்கள் கோயில் தேர்த் திருவிழாவுக்கு மாதா சொரூபத்துக்குப் புதுச் சேலை கட்டுவோம். கட்டுகிறவள் பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. மாதாதான் அவளுக்கு எல்லாம். அந்த வருடம் அவளுக்குக் காய்ச்சல். என்னைக் கட்டச் சொன்னாள்.

கை தானாக அந்த விசிறியை மடித்தது...

தேர் வெளியே வந்ததும் தெருவே அண்ணாந்து பார்த்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு அக்காவும் வந்தாள்.

"யார்டி சொல்லிக் குட்த்தது? நான் பார்த்ததே இல்லியே இந்தக் கட்டு!"

திருவிழாவுக்கு முந்தின ஒன்பது நாள் ஜெபம் நடக்கும் நவநாளில் சினிமாவுக்குப் போனேன் என்று எப்படிச் சொல்வேன்?

"கனவுல மாதா வந்தாங்கக்கா. இப்டித்தான் கட்டிக்கினு இருந்தாங்க."

"இருவது வருசமா கட்றேன், எனக்கு வரல. பூசைல தூங்கி வழியற உன் கனவுல வந்தாங்களா!"

சிரித்தாள். பிறகு என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் மாதாவுக்குச் சேலை கட்டவே இல்லை. "அவங்க உன்னத்தான் கேட்டாங்க ரோசி" என்றுவிட்டாள். அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமைதோறும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாள், ஒரு கனவுக்காக. காலையில் சுவருக்கு மேலே முகம் தெரியும். "இன்னிக்கும் வரலடி." நான் குனிந்து பாத்திரம் தேய்ப்பேன்.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாப் பாவத்தையும் சொல்லியிருக்கிறேன். இதைத் தவிர. சொன்னால் அவள் உடைந்துபோவாள் என்று பயமா? இல்லை, எனக்கு அவமானமா? தெரியவில்லை...

அந்தக் கட்டைப் பார்த்ததற்கு மட்டும் வருத்தமில்லை. இன்றைக்கும் வருடா வருடம் அப்படித்தான் கட்டுகிறேன். மடிப்பு விழும்போது நெஞ்சு நிறைகிறது. அழகைப் பார்த்தது குற்றமில்லை. அது எங்கிருந்து வந்தது என்று மாற்றிச் சொன்னேனே!

இப்போது அக்காவுக்குக் கண் தெரியவில்லை. இந்த வருடமும் மாதாவிடம் கூட்டிப் போனேன். விரலால் மடிப்பைத் தடவினாள்.

"அவங்க மொகம் எப்டி இருந்துச்சு? இன்னொரு தபா சொல்லு."

எனக்குத் தெரிந்தது மாடிப்படி இறங்கி வந்த அந்த ஒரு முகம்தான்.

"பெரிய கண்ணுக்கா. சிரிச்சா கன்னத்துல குழி விழும்."

பிலோமினா அக்கா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.