இருபத்தேழாவது சாமான்

நான்கு நிமிடம் பதினொரு விநாடி. அம்சவல்லியின் கடைசி வீடியோ முடிவதற்கு முன் அவ்வளவு நேரம் எதுவும் நடப்பதில்லை. திரையில் ஒரு பள்ளி விடுதி அறை. இரண்டு பெண்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். கீழே மூன்று பதில்கள், எதையாவது தொடச் சொல்லி மின்னிக்கொண்டிருக்கின்றன. யாரும் தொடவில்லை. பின்னணியில் ஓர் இயந்திரம் சலசலவென்று ஓடும் சத்தம். அப்படியே முடிந்துவிடுகிறது.

பார்த்தவர்கள் கீழே எழுதினார்கள். "அக்கா, போன் ஹேங்க் ஆயிடுச்சா?" "எந்த ஆப்ஷன்னு சொல்லவே இல்லையே." "நல்ல எண்டிங் வரணும்னா எதத் தொடணும்?" அதற்கு முந்தைய ஆறு வீடியோக்களிலும் கேட்ட ஒவ்வொருவருக்கும் பதில் எழுதியவள் அம்சவல்லி. இந்த முறை எழுதவில்லை.

அவளுக்கு வயது இருபத்து மூன்று. ஜவ்வாது மலையில் பெண்கள் குழு ஒன்று நடத்தும் சாமை ஆலையில் வேலை. சாமையிலிருந்து கல்லைப் பிரிக்கும் இயந்திரம் அவள் பொறுப்பு. மதியம் சாப்பாட்டு நேரத்தில் மூட்டைகள் அடுக்கிய கிடங்குக்குள் போய் உட்கார்ந்து வீடியோவுக்குக் குரல் பதிவு செய்வாள். மூட்டைகளுக்கு நடுவே பேசினால் எதிரொலி வராது என்பதை அவளே கண்டுபிடித்தாள். பதிவு செய்ததை ஆலைக்குப் பின்னால் உள்ள பாறைமேல் ஏறி நின்று அனுப்புவாள். அங்கேதான் சிக்னல் இரண்டு கோடு காட்டும்.

வீடியோக்கள் எல்லாமே ஒரே விளையாட்டைப் பற்றியவை. 'பச்சை ரிப்பன்' என்பது அதன் பெயர். செல்போனில் ஆடுவது. சுடுவதும் ஓடுவதும் கிடையாது. மலையடிவாரத்துப் பெண்கள் விடுதியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் யாழினியாக நாம் நடமாட வேண்டும். யாராவது பேசினால் மூன்று பதில்கள் வரும், ஒன்றைத் தொட வேண்டும். தொட்டதைப் பொறுத்துக் கதை போகும். நடுநடுவே விடுதியில் ஒளிந்திருக்கும் இருபத்தேழு பொருள்களைத் தேடி எடுக்க வேண்டும். பாதி சாக்பீஸ், ஊக்கு மாலை, நெளிந்த தட்டு, அட்டையில் செய்த சல்லடை. இருபத்தேழும் சேர்ந்தால்தான் கடைசி அறை திறக்கும். விளையாட்டில் இவற்றுக்கு 'நினைவுச் சின்னங்கள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அம்சவல்லி 'சாமான்' என்றாள். ஆடுகிறவர்களும் சாமான் என்றே எழுதத் தொடங்கினார்கள்.

அவள் வழி சொல்லும் விதம் அப்படி. "சமையல்கார அக்காகிட்ட இன்னொரு கரண்டி கொழம்பு கேக்காதீங்க, தொரத்தும். கால் வலி எப்படி இருக்குதுன்னு கேளுங்க. ஸ்டோர் ரூம் சாவியக் குடுக்கும். பதினொண்ணாவது சாமான் அரிசி டின்னுக்குப் பின்னாடி."

இதைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது ஆலையில் மூத்தவளான முத்தம்மா கிடங்கின் வாசலில் வந்து நின்றாள். "இன்னாமே, மெஷின்ல கல்லு போவுது, நீ பொம்மகிட்ட கால் வலி கேட்டுகினு குந்தியிருக்கிற."

"உங்களத்தான் கேட்டேங்க்கா. கால் வலி எப்படி இருக்குது? பீரோ சாவியக் குடுங்க."

முத்தம்மாவின் சிரிப்பும் அந்த வீடியோவில் இருக்கிறது. அவள் அதை வெட்டவில்லை.

விளையாட்டை அவளுக்கு அனுப்பியவள் ரம்யா. கண்ணமங்கலத்துக்காரி. சென்னையில் ஆறு பேர் நடத்தும் சிறிய நிறுவனத்தில் கதையும் வசனமும் எழுதுகிறாள். 'பச்சை ரிப்பன்' முழுக்க அவள் எழுதியது. "இது உனக்காக எழுதினது அம்சா, முழுசா ஆடு" என்று லிங்க்குடன் ஒரு வரி வந்திருந்தது. இருவரும் ஒரே விடுதியில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தவர்கள். முதல் காட்சியிலேயே அம்சவல்லிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தெரியும் குழாயடி, நீலக் கதவு, யாழினியின் தோழியாக வரும் மலைப்பெண் வல்லி, வல்லியின் தட்டில் ஆணியால் கீறிய 43 என்ற எண். விடுதியில் அது அம்சவல்லியின் எண்.

2016 மார்ச்சில் நடந்தது இது. மலையில் புளி உலுக்கும் பருவம். மரத்தில் ஏற ஆள் இருந்தும் கீழே பொறுக்க ஆளில்லை என்று அப்பா வேடியப்பன் சொல்லி அனுப்பினார். விடுப்புக் கேட்டால் கிடைக்காது. மலையிலிருந்து வந்த பிள்ளைகள் அந்த நாள்களில் சொல்லாமல் போய்விட்டு வருவது வழக்கம், பக்கத்துக் கட்டில்காரி இரவு வருகைப் பதிவில் குரல் கொடுப்பாள். அம்சவல்லிக்கு ரம்யா கொடுத்தாள். வார்டன் "நாற்பத்து மூணு" என்றதும் தொண்டையைக் கொஞ்சம் கட்டையாக்கி "உள்ளேன் மிஸ்."

நான்கு நாள் சரியாகப் போனது. ஐந்தாம் நாள் அம்சவல்லி ஊருக்குப் போனது வார்டனுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவை வரவழைத்தார்கள். புளிப்பிசுக்கு படிந்த கையோடு மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றவரிடம் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பினார்கள். ரம்யா கேட் வரை ஓடி வந்தாள். "ராத்திரி சாப்பாட்டுல தட்ட எண்ணிட்டாங்கடி. என்னையும் அடிச்சாங்க" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சிவப்பாக நான்கு கோடுகள்.

அந்த ஆண்டு மாநில அறிவியல் கண்காட்சிக்குப் பள்ளியிலிருந்து ஒருவர் போவதாக இருந்தது. அம்சவல்லியின் பெயர் போயிருந்தது. சாய்ந்த தட்டை ஒரு பொம்மைக் கார் மோட்டாரால் அதிர வைத்துச் சாமையிலிருந்து கல்லைப் பிரிக்கும் மாதிரிச் சல்லடை. அட்டையில் செய்தது. அவள் பள்ளியை விட்டுப் போன பிறகு அதை எடுத்துக்கொண்டு ரம்யா கண்காட்சிக்குப் போனாள். அதில் அம்சவல்லிக்கு வருத்தமில்லை, யாராவது போக வேண்டும் அல்லவா என்றிருந்துவிட்டாள். தான் செய்ததால் அடி வாங்கியவள் ரம்யா என்பதுதான் மனதில் நின்றது. மூன்று வருடம் கழித்து அம்சவல்லி தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதித் தேறினாள். ஆலை தொடங்கியபோது அந்த இயந்திரத்தைப் பார்த்ததும் யாரும் சொல்லித்தராமலே அதன் சாய்வைத் திருத்தினாள்.

ஒவ்வொரு பருவத்திலும் கொட்டை நீக்கிய புளி ஒரு பை, ரம்யா வீட்டுக்குப் போனது. மலைப் பேருந்தில் போளூர் வரை, அங்கிருந்து வேலூர்ப் பேருந்தின் கண்டக்டரிடம் சொல்லிக் கண்ணமங்கலம். ஒன்பது பருவம், ஒன்பது பை.

வருகைப் பதிவுக் காட்சி விளையாட்டிலும் வந்தது. வார்டன் நாற்பத்து மூன்று என்கிறார். குரல் கொடு, சும்மா இரு, காய்ச்சல் என்று சொல். "மொதல் பதிலத் தொடுங்க" என்றாள் அம்சவல்லி மூன்றாவது வீடியோவில். "இது நெஜமாவே நடந்ததுங்க. எனக்கு ஒருத்தி குடுத்தா." குரலில் பெருமை தெரியும். அந்த வீடியோவைத்தான் நிறையப் பேர் பார்த்தார்கள்.

நிறுவனமும் பார்த்தது. விளையாட்டில் அதுவரை எழுத்து மட்டும், குரல் கிடையாது. குரலோடு புதிய பதிப்பு போடப்போகிறோம், வல்லிக்கு நீங்களே பேசுங்களேன் என்று கேட்டார்கள். நூற்றுப் பதினான்கு வரிகள் கொண்ட தாள் வரும் என்றார்கள். ஆலையில் எல்லோருக்கும் அவல் கிளறிக் கொடுத்தாள் அம்சவல்லி. "அப்ப இனிமே நாங்க உங்கிட்ட பேசணும்னா பதிலத் தொடணுமா?" என்றாள் முத்தம்மா.

தாள் வருவதற்குள் வழி சொல்லும் வீடியோக்களை முடித்துவிட நினைத்தாள். இருபத்தாறு சாமான் கிடைத்துவிட்டது. கடைசி ஒன்று எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இணையத்தில் மற்றவர்கள் கிணறு, மாடி, பிரேயர் ஹால் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அம்சவல்லி யோசித்தாள். விடுதியில் ரம்யா தன் டிரங்குப் பெட்டி மூடியின் உட்பக்கம் காலண்டர் தாள் ஒட்டி, அதற்குப் பின்னால் கடிதங்களைச் செருகி வைப்பாள். விளையாட்டில் யாழினியின் பெட்டியைத் திறந்தாள். மூடியைத் தொட்டாள். தாள் உரிந்தது.

அது யாழினியின் நாட்குறிப்பில் ஒரு பக்கம். அம்சவல்லி அதைக் கிடங்கில் உட்கார்ந்து படித்தாள்.

"யாரும் தட்டை எண்ணவில்லை. நான்தான் வார்டனிடம் சொன்னேன். கண்காட்சிக்கு ஒருத்திதான் போக முடியும். வல்லி என்னைச் சந்தேகப்படக் கூடாது என்று ஸ்கேலால் என் கையில் நானே அடித்துக்கொண்டேன். நான்கு அடி."

பக்கம் மூடியதும் கடைசி அறை திறந்தது. வல்லி நிற்கிறாள். யாழினிக்கு மூன்று பதில்கள். உண்மையைச் சொல். சும்மா இரு. அட்டைச் சல்லடையைத் திருப்பிக் கொடு.

உண்மையைச் சொன்னாள். "பரவாயில்ல புள்ள, வுடு" என்றாள் வல்லி. இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

மறுபடி போய், சும்மா இருந்தாள். "எனக்கு முன்னாலயே தெரியும். பரவாயில்ல புள்ள, வுடு." கட்டிக்கொண்டார்கள். சல்லடையைக் கொடுத்தாள். அதே வரி.

எப்போதும் செய்வதையே அவள் செய்தாள், எல்லா வழியையும் சோதித்தாள். முந்தைய காட்சிகளில் பதில்களை மாற்றினாள். வருகைப் பதிவில் சும்மா இருந்தாள். வல்லியிடம் கடுமையாகப் பேசினாள். மூன்று நாள், ஒன்பது முறை முழு விளையாட்டையும் ஆடினாள். வல்லி எல்லா வழியிலும் மன்னித்தாள்.

"இன்னாடி, சாப்புடாம அதையே நோண்டிகினு இருக்கிற?" என்று முத்தம்மா கேட்டாள்.

"இந்தப் பொண்ணு ஒரு தரமாவது கோவப்படுவாளான்னு பாக்கறேங்க்கா."

"பட்டாளா?"

"அவளுக்கு அந்த வரி எழுதல."

நான்காம் நாள் குரல் பதிவுத் தாள் வந்தது. நூற்றுப் பதினான்காவது வரி அதுதான். பாறைமேல் ஏறி ரம்யாவுக்குப் போன் செய்தாள்.

"ஆடி முடிச்சிட்டியா?" என்றாள் ரம்யா எடுத்ததுமே.

"முடிச்சிட்டேன். கேட்டுல நின்னு கையக் காட்டினியே, அது நீயே அடிச்சிகினதா?"

"உனக்குத் தெரியணும்னுதான் எழுதினேன் அம்சா. நேர்ல சொல்ல வாய் வரல."

"ஒம்போது வருஷம் புளி வாங்கிக்க மட்டும் கை வந்துச்சு."

"திட்டு. நல்லாத் திட்டு."

"எங்க திட்டறது? மூணு பதிலையும் தொட்டுப் பாத்துட்டேன். நீ இன்னா சொன்னாலும் நான் பரவாயில்லன்றேன். உங்கிட்ட எப்பச் சொன்னேன்?"

"அது நீ இல்லடி. கேரக்டர்."

"கேரக்டருக்கு எதுக்கு என் தட்டு நம்பரு?"

அம்சவல்லி குரலை உயர்த்தாமலேயே தொடர்ந்தாள். "நீ காட்டிக் குடுத்தத எழுதினது கூட போவுது. என் பதிலையும் நீயே எழுதி வச்சிட்ட பாரு. ஒண்ணு பண்ணு. வல்லி எதுவும் சொல்லாம வூட்டுக்குப் போற மாதிரி மாத்து. அது போதும்."

"மாத்த முடியாதுடி. ஆடினவங்களுக்கு அந்த முடிவுதான் ரொம்பப் புடிச்சிருக்கு. அழுதேன்னு எழுதுறாங்க."

"கடசி ரூமு இன்னும் யாருக்கும் தொறக்கல. எங்க அழுதாங்க?"

"எங்க டெஸ்டிங்ல. ஆடிப் பாத்த இருபது பேரும்."

"யாருக்காக அழுதாங்க, வல்லிக்கா, யாழினிக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்" என்றாள் ரம்யா. பிறகு மெதுவாக, "நீயே பேசணும்னு நான்தான் ஆபீஸ்ல சொன்னேன். உன் குரல்ல அத ஒரு தரம் கேட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்."

அம்சவல்லி பாறைமேலேயே உட்கார்ந்தாள். குரல் பதிவுக்குத் தன்னைத் தேர்ந்தெடுத்தது தன் வீடியோக்களைப் பார்த்து என்றே அதுவரை நம்பியிருந்தாள்.

"அதுக்குத்தான் கூப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

மறுநாள் மதியம் கிடங்குக்குள் போய் வரிகளைப் பேசினாள். வல்லி பாடம் ஒப்பிப்பது, தண்ணீருக்குச் சண்டை போடுவது, புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடித் தோற்பது. முத்தம்மா வாசலில் நின்று யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டாள். நூற்றுப் பதின்மூன்று வரிகள் பாறையிலிருந்து சென்னைக்குப் போயின. ஒரு வரி குறைகிறது என்று நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. "அத நான் சொல்லல. எழுதினவங்களையே சொல்லச் சொல்லுங்க" என்று பதில் எழுதினாள்.

அதன் பிறகுதான் அந்தக் கடைசி வீடியோ. இருபத்தேழாவது சாமான் இருக்கும் இடத்தை அவள் மறைக்கவில்லை. "பொட்டி மூடிக்கு உள்பக்கம், காலண்டர் தாளுக்குப் பின்னாடி. எடுத்தீங்கன்னா கடசி ரூமு தொறக்கும். மூணு பதில் கேக்கும். எதத் தொட்டாலும் ஒண்ணுதான். நான் எதையும் தொடல." அதற்குப் பிறகு நான்கு நிமிடம் பதினொரு விநாடி, கல் நீக்கும் இயந்திரம் ஓடும் சத்தம்.

ரம்யா அதைப் பார்த்திருக்கிறாள். கீழே அவள் பெயரில் ஒரு கருத்து வந்து, அரை மணி நேரத்தில் அழிக்கப்பட்டது. என்ன எழுதியிருந்தாள் என்று அம்சவல்லி படிக்கவில்லை. அப்போது அவள் பாறைமேல் இல்லை.

குரலோடு கூடிய பதிப்பு மார்ச் இரண்டாம் வாரம் வருகிறது. வல்லிக்குச் சென்னையில் ஒரு பெண் நூற்றுப் பதினான்கு வரிகளையும் பேசி முடித்துவிட்டாள். அந்த வாரம் புளி உலுக்க அம்சவல்லி ஆலையில் ஐந்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். முத்தம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள்.