எங்கள் அத்தான் கட்டிய அறைகள்

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தைப் பார்த்ததும், யாருக்கோ போகவேண்டிய மலர் தவறித் தங்கள் கைக்கு வந்துவிட்டதோ என்று சில உறவினர்கள் நினைக்கக்கூடும். ஊரிலும் கனடாவிலும் உள்ள பலர் அவரை நேரில் கண்டதில்லை. படத்தில் இருப்பவர் என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான். யப்பானில் பிறந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாரிசில் எங்களோடு ஒருவராக வாழ்ந்து, சென்ற ஆண்டு இதே மாதத்தில் எங்களைப் பிரிந்தார். அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அக்கா என்னிடம் தந்தபோது சொன்னது ஒன்றுதான்: "கூட்டி எழுதாதை. அவருக்குப் பிடிக்காது."

அத்தான் பிறந்தது யப்பானின் வடக்கே, குளிர்காலத்தில் பனி சன்னல் வரை ஏறிவிடும் ஒரு சிறு துறைமுகப் பட்டினத்தில். தந்தையார் மீன்பிடிப் படகில் வேலை செய்தவர். அத்தானுக்கு ஒன்பது வயதானபோது கடலுக்குப் போன அவர் திரும்பவில்லை. தாயார் ஒரு சலவைக் கடையில் உழைத்து அத்தானையும் அவருடைய மூத்த சகோதரியையும் வளர்த்தார். கடைக்கு மேலே இருந்த ஒரே அறையில் மூவரும் வாழ்ந்தார்கள். காலையில் மெத்தைகளை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டால் அது சாப்பாட்டு அறை. பிள்ளைகள் பள்ளியால் வந்ததும் படிப்பு அறை. "எங்கட வீட்டிலை ஒரு அறைதான் இருந்தது. ஆனா மூண்டு அறை" என்று அத்தான் தன்னுடைய தமிழில் சொல்லுவார்.

பல்கலைக்கழகம் போக வீட்டு நிலை இடம் கொடுக்கவில்லை. சமையல் பழகி, இருபத்து மூன்றாவது வயதில் பாரிசுக்கு வந்து ஒரு யப்பானிய உணவகத்தில் சேர்ந்தார். ஓய்வு நாட்களில் பொது நூலகத்துக்குப் போய்க் கட்டடக்கலைப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு இருப்பார். அப்போது பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. வரைபடங்களையும் படங்களையும் பார்த்துப் பார்த்தே படித்தார். சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு நாடா இருக்கும். மெத்ரோ இருக்கையின் உயரம், நூலகப் படியின் அகலம், பாலத்தின் கைப்பிடி என்று எல்லாவற்றையும் அளந்து ஒரு சின்னக் கொப்பியில் எழுதினார். அவருக்குக் கட்டடக்கலை படிப்பித்த ஆசிரியர் என்று எவரும் இல்லை.

அந்த உணவகத்தின் சமையலறையில்தான், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடமான என் அக்கா, மரக்கறி வெட்டவும் கோப்பை கழுவவும் சேர்ந்தார். கழுவிய கோப்பைகளை அடுக்கும் இறாக்கை மிக உயரத்தில் இருந்ததால், அக்கா ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்றுதான் அடுக்குவார். ஒருநாள் பெட்டி சரிந்து விழுந்தார். கோப்பைகள் உடைந்தன, முதலாளி ஏசினார். மறுநாள் காலை அத்தான் அளவு நாடாவோடு வந்து அக்காவின் முன்னால் நின்றார்.

"என்னோடை முதன்முதல் கதைச்சது, கையைத் தூக்குங்கோ எண்டுதான். அளக்கிறதுக்கு" என்று அக்கா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அத்தான் ஓர் அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதில் சமையலறையை வரைந்து முதலாளியிடம் காட்டினார். கடை பூட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், இருந்த இறாக்கைகளில் பாதியைக் கழற்றி, மீதியை அக்காவின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கினார். திங்கட்கிழமையிலிருந்து சமையற்காரர்கள் ஒருவரோடொருவர் முட்டுப்படுவது நின்றது. முதலாளி சாப்பாட்டு மண்டபத்தையும் மாற்றித் தரும்படி கேட்டார். அத்தானின் தொழில் அப்படித்தான் தொடங்கியது.

இருவரும் மணம் செய்ய விரும்பியபோது அம்மா சம்மதிக்கவில்லை. அப்பா ஊரிலேயே காலமாகியிருந்தார். அம்மாவும் நானும் பாரிசின் புறநகரான எபினேயில் இருந்தோம். "ஆர் ஆக்கள், எந்த ஊர் எண்டு நான் ஆரிட்டைப் போய் விசாரிக்கிறது? யப்பானிலை எனக்கு ஆரைத் தெரியும்?" என்று அம்மா கேட்டார். நகரசபையில் நடந்த பதிவுத் திருமணத்துக்கு நான் மட்டுமே போனேன். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அம்மா அத்தானோடு ஒரு சொல்லும் பேசவில்லை.

எங்கள் வீடு இரண்டு அறைகள். அதற்குள் பெட்டிகளும் கதிரைகளும் ஊருக்கு அனுப்பச் சேர்த்த சாமான்களும் நிறைந்திருந்தன. ஒருநாள் அம்மா ஒரு பெட்டியில் தடுக்கி விழுந்து முழங்காலை முறித்துக்கொண்டார். அவர் குணமாகி வரும்வரை லண்டனில் மாமா வீட்டில் தங்கியிருந்த நேரத்தில், வீட்டைச் சரிப்படுத்தித் தருவதாக அத்தான் சொன்னார். நானும் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டேன்.

அம்மா திரும்பி வந்தபோது வெள்ளைச் சுவர்கள் இருந்தன, ஒரு மேசை இருந்தது, வெளிச்சம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அம்மாவின் கண்ணாடி அலுமாரி நிலக்கீழ் அறைக்குப் போய்விட்டது. அதற்குள் இருந்த கோப்பைகளும் பொம்மைகளும் அப்பாவின் படமும் அதோடு போயின.

"இது வீடோ, ஆசுப்பத்திரியோ?" என்று அம்மா என்னிடம் கேட்டார். அத்தான் பக்கத்தில்தான் நின்றார்.

அந்த மாதம் அப்பாவின் திவசம் வந்தது. நாற்பது பேர் வந்தார்கள். மழைக்காலம். கோட்டுகளைக் கொழுவ இடமில்லை, சப்பாத்து வைக்க இடமில்லை, சட்டிகளை இறக்கி வைக்க இடமில்லை. எல்லாரும் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அத்தான் வாசலில் நின்று வருபவர்களின் கோட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, கடைசிவரை அப்படியே நின்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த கிழமை பலகைகளோடு வந்தார். ஒரு சுவர் நீளத்துக்கு, சுவரோடு சுவராகத் தெரியும்படி அலுமாரி செய்தார். கோட்டுக்கு ஓர் இடம், சப்பாத்துக்கு ஓர் இடம், பெரிய சட்டிகளுக்கு ஓர் இடம். நடுவில், கதவைத் தள்ளினால் அம்மாவின் கண்ணாடி அலுமாரி, அப்பாவின் படத்தோடு.

"மாமி, மன்னிக்க வேணும். முதல் நான் எனக்குப் பிடிச்ச மாதிரிச் செய்தன். ஆக்கள் வருவினம் எண்டு யோசிக்கேல்லை" என்றார்.

அம்மா கதவைத் தள்ளிப் பார்த்தார். மூடினார். திரும்பவும் தள்ளிப் பார்த்தார். பிறகு, "தம்பி, சாப்பிட்டிட்டுப் போம்" என்றார். அதுதான் அவர் அத்தானோடு பேசிய முதல் வார்த்தை.

அதன் பிறகு அத்தான் உணவக வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலையே முழுநேரமாகச் செய்தார். பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு புடைவைக் கடையைச் செய்ததைப் பலர் அறிவீர்கள். மூன்று மீற்றர் அகலம்கூட இல்லாத கடை. சன்னல் முழுவதும் புடைவை தொங்க வேண்டும் என்று முதலாளி அண்ணை விரும்பினார். அத்தான் ஒரேயொரு புடைவையைத் தொங்கவிட்டு, மற்றவற்றை மடித்து உள்ளே அடுக்கினார். முதல் மாதம் சனம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அண்ணை எனக்கு ரெலிபோன் எடுத்து, "பிள்ளை, உன்ரை அத்தான் என்ரை கடையைக் கோயிலாக்கிப் போட்டார். கும்பிட்டிட்டுப் போகுதுகள், வாங்குதுகள் இல்லை" என்றார்.

அத்தான் மூன்று நாட்கள் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்தார். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, பிள்ளைகளோடும் பைகளோடும் நடந்து வரும் பெண்கள் களைத்திருந்தார்கள். புடைவை வாங்குவதென்றால் கையிலிருந்த பையை முதலில் கீழே வைக்க வேண்டியிருந்தது. அதற்கு இடமில்லை. அத்தான் சன்னலை உள்ளே தள்ளி, வாசலோடு ஒரு நீளமான மரவாங்கு போட்டார். அதில் இருந்து களைப்பாற வந்தவர்கள் பிறகு உள்ளே வந்தார்கள். அந்தக் கடையைப் பார்த்துத்தான் அந்த வீதியில் நகைக்கடையும் இன்னும் சில கடைகளும் அவரைத் தேடி வந்தன.

அவரிடம் குறைகளும் இருந்தன. ரெலிபோன் எடுக்கமாட்டார். தனக்குப் பிடிக்காத வேலையைப் பாதியில் மறுத்துவிடுவார். வேலை முடிந்ததும் வரைபடங்களைக் கிழித்து எறிந்துவிடுவார். "அறை இருக்குது. பேப்பர் ஏன்?" என்பார். இந்தக் கடைசிப் பழக்கம் அவரை ஒருமுறை கடுமையாக வருத்தியது.

எபினேயில் தமிழ்ப் பெற்றோர் சிலர் சங்கமாகச் சேர்ந்து, அதுவரை ஒரு நிலக்கீழ் அறையில் நடந்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்காக ஒரு பழைய கார் திருத்தும் கொட்டகையை எடுத்தார்கள். அதை மாற்றிக் கட்டும் பொறுப்பை அத்தானிடம் கொடுத்தார்கள். ஆனால் சங்கத்தின் பெயரில் கட்டுவதற்குப் பட்டம் பெற்ற கட்டடக்கலைஞரின் கையெழுத்து வேண்டும் என்று நகரசபை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. படிக்காதவர்களும் தங்கள் அனுபவத்தைக் காட்டி அந்தத் தகுதியைப் பெற ஒரு வழி உண்டு. நானும் அத்தானும் மூன்று மாதம் இருந்து தொசியே என்னும் விண்ணப்பக் கோவையை எழுதி அனுப்பினோம். செய்த வேலைகளுக்குப் போதிய வரைபட ஆதாரம் இல்லை என்று மறுப்புக் கடிதம் வந்தது. அத்தான் அதை வாசித்துவிட்டு, மடித்து, மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

பள்ளிப் பெற்றோர் கூடினார்கள். அத்தான் திரும்ப விண்ணப்பித்துத் தகுதி பெறும்வரை இன்னும் ஒரு வருடம் பொறுப்பதா என்பதுதான் கேள்வி. ஒரு தகப்பன் எழுந்து, "ஐயா குறை நினைக்கப்படாது. பிள்ளையள் நிலக்கீழ் அறையிலை இருமிக்கொண்டு படிக்குதுகள். ஆற்ரை கையெழுத்தா இருந்தா என்ன?" என்றார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தான்தான் பதில் சொன்னார்: "அவர் சொல்லுறது சரி. வேறை ஆளைப் பாருங்கோ. நான் உதவி செய்வன்."

அப்போது எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு பிரெஞ்சுக் கட்டடக்கலைஞரான அம்மையார். அத்தானின் வரைபடங்களைப் பார்த்துவிட்டு, தான் வேறாக வரையப்போவதில்லை, அத்தானைத் தன் பணிமனையில் வேலைக்கு எடுத்து இருவரும் சேர்ந்து செய்வோம் என்றார். வரைபடத்தின் ஒவ்வொரு கோட்டையும் கேள்வி கேட்டு, சரிபார்த்து, பொறுப்பெடுத்துக் கையெழுத்திட்டார். கொட்டகையின் கூரையைத் திறந்து வெளிச்சம் இறக்கினார்கள். மடித்தால் சுவருக்குள் போய்விடும் கதவுகளால் ஐந்து வகுப்புகள். விழா நாட்களில் அதுவே ஒரு மண்டபம்.

கட்டட வேலை நடந்துகொண்டிருக்க, அக்காவும் நானும் வேறொரு வேலையில் இறங்கினோம். அத்தான் வேலை செய்த ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் போனோம். அவர் தன்னிடம் இருந்தவற்றை எறிந்தாலும், வரைந்து காட்டியவற்றை எங்கள் சனம் எறியவில்லை. புடைவைக் கடை அண்ணை, கலண்டர்த் தாளின் பின்பக்கம் அத்தான் வரைந்த படத்தைச் சட்டம் போட்டு வைத்திருந்தார். நகைக்கடையில் ஒரு பற்றுச்சீட்டின் பின்னால் இருந்தது. ஒரு வீட்டில் சுவரில் பென்சிலால் வரைந்ததை, மேலே வர்ணம் பூசாமல் அப்படியே விட்டிருந்தார்கள். அதைப் படம் எடுத்தோம். உணவகச் சமையலறை வரைந்த அட்டைப் பெட்டி மூடியை அக்கா தன் சேலைகளுக்கு நடுவிலிருந்து எடுத்தார். அத்தானுக்கே அது தெரியாது.

இவற்றைச் சேர்த்து மீண்டும் விண்ணப்பித்தோம். இரண்டாம் முறை தகுதிக் குழுவினர் அவரை நேரில் அழைத்தார்கள். எங்கே படித்தீர்கள் என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். "சமையலறையில். பிறகு என் மாமியார் வீட்டில்" என்று அத்தான் சொன்னாராம். அவர்கள் சிரித்தார்களாம். பிறகு அந்த அட்டை மூடியைக் கையில் எடுத்து நெடுநேரம் கேள்வி கேட்டார்களாம். பள்ளிக் கட்டடத்தின் எண்ணம் முழுவதும் அத்தானுடையது என்று அந்த அம்மையார் எழுதிய கடிதமும் அவர்கள் முன் இருந்தது.

ஐம்பத்தெட்டாவது வயதில் அவருக்குத் தகுதி கிடைத்தது. பள்ளித் திறப்பு விழாவில், வாசலோரம் இரண்டு கட்டடக்கலைஞர்களின் பெயர்களோடு ஒரு சிறு பலகை வைக்கப்பட்டது. தன் பெயரை எங்கும் போடாதவர் அத்தான். அன்று அக்கா, "இஞ்சருங்கோ, இந்த ஒருக்கா பேசாமல் இருங்கோ" என்றார். அவரும் பேசாமல் இருந்தார்.

அடுத்த ஆண்டே நோய் வந்தது. புற்றுநோய் என்று அறிந்த பிறகும், வைத்தியசாலைக்குப் போகாத சனிக்கிழமைகளில் பள்ளிக்குப் போவார். எந்தக் கதவு இறுகுகிறது, எங்கே பிள்ளைகள் கூடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவார். கடைசி மாதத்தை வீட்டில் கழித்தார். ஒரு காலைப்பொழுதில், அக்கா அவருக்குத் தேநீர் பருக்கிக்கொண்டிருந்தபோது அமைதியாகப் பிரிந்தார். அவர் தொடங்கிவைத்த இரண்டு வேலைகளை அந்த அம்மையார் முடித்துத் தருகிறார். அக்கா கிழமைக்கு இருமுறை அந்த வேலைகள் நடக்கும் இடங்களுக்குப் போய்வருகிறார். கடந்த மாதம் ஓர் இறாக்கை உயரமாக இருப்பதாகச் சொல்லி இறக்கச் செய்தார்.

அவருடைய நோய்க்காலத்தில் தோள்கொடுத்தவர்களை நாங்கள் மறக்கமாட்டோம். மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த பள்ளிப் பெற்றோருக்கும், கடையைப் பூட்டிவிட்டு இறுதிக் கிரியைக்கு வந்த லா சப்பல் வர்த்தக அன்பர்களுக்கும், பழைய உணவக நண்பர்களுக்கும், அந்த அம்மையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எழுபது வயதில் தனியாக விமானம் ஏறி யப்பானிலிருந்து வந்த அத்தானின் சகோதரிக்கு எப்படி நன்றி சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கு எங்கள் மொழி தெரியாது, எங்களுக்கு அவருடைய மொழி தெரியாது. கிரியைகள் முடிந்த மறுநாள் அவரைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கதவுகளை ஒவ்வொன்றாக மடித்து விரித்துப் பார்த்தார். ஐந்து அறைகள் ஒன்றானதைக் கண்டதும் தரையில் இருந்துவிட்டார். சலவைக் கடைக்கு மேலே இருந்த அறை அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அம்மா மெல்லப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். வாசல் பலகையில் இருந்த பெயரைக் காட்டி, அவரைக் காட்டி, "உங்களுக்குத் தம்பி" என்றார். அவர் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இன்னொருமுறை சொன்னார்.

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். அந்தப் பெயரில் கையை வைத்து, "தம்பி" என்று கூப்பிட்டார்.

அன்புடன்,
மனைவி, மாமியார் சார்பில்,
மைத்துனி