பாசிக்குடாவுக்கு இரண்டு திறந்த கார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. கல்லடியில், பக்கத்து வீட்டு முற்றத்தில் இரண்டு கார்கள் நின்றன. இரண்டுக்கும் கூரை இல்லை. இரண்டிலும் இரண்டே ஸீட். ஒன்று என்னைவிட வயதில் மூத்த, பச்சை நிற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். மற்றது வெள்ளி நிற ஜப்பான்காரி. மெலிந்த உடம்பு, புதுப் பளபளப்பு.

மதிலுக்கு மேலால் பார்த்தபடி பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அந்த நொடியில்தான் யோசனை வந்தது. இரண்டையும் ஒரே ரோட்டில், ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தால் என்ன? வாயைக் கொப்பளித்தேனா என்பதுகூட ஞாபகமில்லை. மதிலால் குதித்துவிட்டேன்.

பச்சை, சுதன் அண்ணனுடையது. வெள்ளி, கொழும்பிலிருந்து வந்திருந்த அவருடைய மனைவியின் தம்பி நிரோஷனுடையது. வந்தவர் சும்மா வரவில்லை.

"அத்தான், மாத்துவமா? என்ட புதுச வச்சிக்கொள்ளுங்க, உங்கட பழசத் தாங்க."

கொழும்பில் பழைய கார்ப் பைத்தியம் பரவுகிறதாம். பின்னேரம் அவர் திரும்ப வேண்டும். அதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

சுதன் அண்ணன் பச்சையின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். எப்படிக் கொடுப்பார்? எங்கள் பக்கம் சீதன வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் அங்கே குடிபோக வேண்டும். அண்ணன் இந்த வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்தது ஒரு சூட்கேஸும் இந்தக் காரும் மட்டுமே.

அவர் மனைவி தேவிகா அக்காவின் கதை வேறு. சுனாமியன்று, கடல் வருகிறதென்று சனம் கத்திக்கொண்டு ஓடியபோது இருவரும் இந்தக் காரில்தான் ஏறினார்கள். ஸ்டார்ட் ஆகவில்லை. அண்ணன் திரும்பவும் திரும்பவும் முயன்றார்... அக்கா அவரைச் சேர்ட்டில் பிடித்து இழுத்து இறக்கினார். ஓடிப்போய், நகர்ந்துகொண்டிருந்த ஒரு ட்ராக்டர் பெட்டியில் தொற்றித்தான் தப்பினார்கள்.

தென்னைமரத்தடியில் மண் நிரம்பிக் கிடந்த காரை அண்ணன் வருஷக்கணக்கில் மினக்கெட்டு மறுபடி ஓடவைத்தார். அக்கா அதில் ஏறவே இல்லை.

"கடல் பின்னால வருது, மனிசன் திறப்பத் திருகிக்கொண்டிருக்கு. நான் இதில ஏறுவனா?" என்பார்.

ஆக, நான்கு பேர், இரண்டு கார், பாசிக்குடா ரோட்டு. "ஓடிப் பாத்திட்டு முடிவெடுப்பம்" என்று அண்ணனைச் சம்மதிக்கவைத்தது நான்தான். தீர்ப்பு வழங்கும் பதவியையும் நானே எடுத்துக்கொண்டேன்!

முதலில் பச்சை; நான் ஓட்ட, பக்கத்தில் அண்ணன். சோக்கை இழுத்து, கொஞ்சம் கெஞ்சி, எஞ்சின் சூடாகும்வரை காத்திருந்து... பிறகு கிளம்பியது பாருங்கள்! கல்லடிப் பாலத்தின் இரும்புக்குள் அந்தச் சத்தம் மோதித் திரும்பியபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஸ்டீயரிங் கனம். கியர் போட தோள் வேண்டும். பிரேக்? கூட்டுறவு மனப்பான்மையுடன் நடந்துகொள்ளும் — முன்கூட்டியே சொல்லிவைத்தால். ஆனாலும் மெதுவாகப் போகும்போதே பறக்கிற மாதிரி இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

ஏறாவூரில் பிளேன்டீக்கு நிறுத்தினோம். கடைக்காரக் காக்கா — முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம் — இரண்டு காரையும் சுற்றிப் பார்த்தார்.

"என்ன மனே, இன்னும் கூரைத் தகரம் கிடைக்கல்லையா? நிவாரணத்துக்கு எழுதிக் குடுங்க!"

அங்கிருந்து, பக்கத்தில் அக்கா இருக்க, வெள்ளியை ஓட்டினேன். திறப்பைத் தொட்டதும் ஸ்டார்ட். கியர் மணிக்கட்டின் ஒரு சின்ன அசைவில் விழுகிறது. வளைவில் நினைத்த இடத்தில் நிற்கிறது. தூறல் விழுந்ததும் ஸீட்டில் இருந்தபடியே ஒற்றைக் கையால் துணி ஹூட்டை இழுத்து மூடினேன். பச்சையின் ஹூட்டை மூட இரண்டு பேரும் ஒரு சண்டையும் தேவை. பின்னால் வந்த அண்ணனும் நிரோஷனும் நனைந்தார்கள், சண்டையும் நடந்திருக்கும்.

ஆனாலும் பாசிக்குடா மணலில் நின்று நான் பச்சைக்கே தீர்ப்புச் சொன்னேன். ஆன்மா, குணம் என்றெல்லாம் அளந்தேன். அண்ணனின் முகம் மலர்ந்தது. அக்கா கையை நீட்டினார்.

"தம்பி, வெள்ளிக் காரிட திறப்பத் தாங்க."

அக்காவுக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்காதீர்கள். சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில், ஆற்றுக்குக் குறுக்கால் ஜீப் ஓட்டியவர்.

திரும்பும்போது தூறல் விட்டிருந்தது; ஹூட்டைத் திறந்துவிட்டு அக்கா ஓட்ட, பக்கத்தில் அண்ணன். பின்னால் பச்சையில் நானும் நிரோஷனும். வாழைச்சேனை தாண்டி நல்ல வேகத்தில் போன வெள்ளி, வெறும் ரோட்டில் திடீரென்று ஊர்ந்தது. இடப்பக்கம் வளைந்தது. வலப்பக்கம் வளைந்தது. மறுபடி இடம்.

"அக்காவுக்கு என்ன நடந்த?" என்று பதறினார் நிரோஷன்.

எனக்கு விளங்கிவிட்டது. என் காலும் பிரேக்கில்தான் இருந்தது. முன்பு அங்கே ஆமி செக்பொயின்ற் இருந்தது. தார்ப் பரல்களை, அந்தப் பெரிய இரும்புப் பீப்பாய்களை, குறுக்கும் நெடுக்குமாக வைத்திருப்பார்கள்; வளைந்து வளைந்து ஊர்ந்துதான் போகலாம். யுத்தம் முடிந்து, பரல்களையும் எடுத்துவிட்டார்கள். எங்கள் கைகளிலிருந்து யார் எடுப்பது?

வெள்ளி நின்றது. கிட்டப் போனோம். அக்கா ஸ்டீயரிங்கில் தலைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர்.

"இல்லாத பரலச் சுத்தி ஓடுறனே! பொறுங்க, கிறுகி வந்து ஒருக்கா நேராப் போகப்போறன்."

காரைத் திருப்பிக் கிறுகினார். தூரத்தில் புள்ளியாகிப் போய், மறுபடி வந்தார். அந்த இடத்தைக் கடக்கும்போது கார் ஒரு விரல்கூட வளையவில்லை. அண்ணன் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்திருந்தார். ஆனால் அவர் பார்த்தது ரோட்டை அல்ல.

கொஞ்சத் தூரத்தில் அக்கா நிறுத்த, அண்ணன் இறங்கி எங்களிடம் நடந்து வந்தார். பச்சையின் போனட்டில் கையை வைத்தபடி நிரோஷனிடம் சொன்னார்:

"சோக்க முழுசா இழுக்காத, மச்சான். பாதிதான். காலையில ரெண்டு நிமிஷம் பொறுத்து எடு. வழியில நிண்டாலும் ஏசாத... பிறகு எடுக்கும்."

அவ்வளவுதான். கார்கள் கைமாறிவிட்டன. நான் தீர்ப்புச் சொன்னது கார்களுக்கு. அண்ணன் பார்த்தது, யார் முகத்தில் காற்றுப்பட வேண்டும் என்பதை. எந்தக் கார் நல்லது என்று கேட்கிறோமே, யாருக்கு என்று கேட்கிறோமா?

அடுத்த ஞாயிறு வாகரைப் பாதையால் திருகோணமலை. இவ்வளவு காலமும் போக முடியாமல் கிடந்த ரோட்டு. அக்காதான் ஓட்டுவார், அது முடிவாகிவிட்டது. மிச்சமிருப்பது ஒரேயொரு ஸீட். அண்ணனிடம் கேட்டுப் பார்த்தேன். பஸ் நேரம் விசாரித்து வைக்கச் சொன்னார் — எனக்கு!