கயிறு முதலில், கதவு பிறகு

நாயைக் குளிப்பாட்டுவது சுலபம். அதைக் காரிலிருந்து இறக்குவதுதான் தொழில். புனேயில் ஒரு நாய்க் குளியல் கடை வாசலில், பன்னிரண்டாம் வகுப்பு லீவு முழுக்க எனக்கு அந்த வேலை. கடைக்கு முன்னால் நடைபாதை கிடையாது, நேரே ரோடு. தாவுகிற நாய்க்கும் வருகிற டெம்போவுக்கும் நடுவே நான்தான். "கயித்தை மாட்டிட்டுக் கதவைத் திறங்க" என்று கத்தியே தொண்டை வற்றியவன். உங்கள் வீட்டிலும் நாயும் காரும் உண்டென்றால் வாருங்கள், சேர்ந்து அழலாம்.

ஸ்டே!

சாகண் தொழிற்பேட்டையிலிருந்து வந்த இன்ஜினீயர் ஒருவர், "பழக்கின நாய் தம்பி, கயிறெல்லாம் எதுக்கு?" என்று பின்கதவைத் திறந்துவிட்டு, "ஸ்டே!" என்று ஓர் அதட்டல் போட்டார். இறங்கிக்கொண்டிருந்த அவர் மனைவி, ஒரு கால் தரையிலும் ஒரு கால் காரிலுமாக அப்படியே நின்றுவிட்டார். நாய் அவர் காலுக்கடியில் புகுந்து வெளியே வந்தது. பாய்ந்து கட்டிப் பிடித்தேன், சட்டையெல்லாம் ஜொள்ளு. அந்த அம்மா சொன்னார்: "டிரெயினிங் வீண்போகலை தம்பி. எனக்கு நல்லாப் படிஞ்சிருக்கு."

பட்டை பத்திரம்

அந்த 'ஸ்டே'யை அதே குரலில், உள்ளே குளிப்பாட்டும் சுனிதா அக்காவுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது பேங்கில் வேலை பார்க்கும் மேடம் ஒருவர் நாயோடு வந்தார். கயிறு மாட்டியிருந்தார், கழுத்துப்பட்டைதான் தொளதொள. "இறுக்கினா கொழந்தைக்கு மூச்சு முட்டும்டா." குழந்தை பின்னங்காலை ஊன்றித் தலையை ஓர் உதறு உதறியது. பட்டை மேடம் கையில், குழந்தை வடாபாவ் வண்டிக்கடியில். பாவ் ரொட்டியைப் பிய்த்துக் காட்டிப் பத்து நிமிஷம் கெஞ்சினேன். மேடம் சொன்னார்: "நான் என்ன பண்றது? கயித்தை நான் விடவே இல்லையே!"

அசலும் நகலும்

பட்டாளத்திலிருந்து ரிட்டயர்டான சுபேதார் மாமா வீட்டில் தமிழ் பேசுவார்; நாய் ஷேருவிடம் மட்டும் ஹிந்தி. அவர் செருமிக்கொண்டு "சல் பேட்டா" என்றால்தான் அது இறங்கும். அன்று கதவைத் திறந்துவைத்துவிட்டு, டிக்கியில் கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஷேரு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். சுனிதா அக்காவைச் சிரிக்கவைக்க, மாமாவின் செருமலோடு மெதுவாக, "சல் பேட்டா" என்றேன்.

ஷேரு நடுரோட்டில். டெம்போ வருகிறது. "இதர் ஆ! இதர் ஆ!" என்று அதைத் திரும்பி வரச்சொல்லி மாமா அலறினார், பயத்தில் குரல் கீச்சென்று போயிற்று. யாரோ என்று நினைத்து ஷேரு திரும்பக்கூட இல்லை. வேறு வழியில்லாமல் நான் செருமி, அவருடைய கட்டைக் குரலில், "இதர் ஆ!" என்றேன். சட்டென்று திரும்பி ஓடிவந்து காருக்குள் ஏறிக்கொண்டது. டெம்போ காற்றாகக் கடந்தது. ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். சுனிதா அக்கா சிரிக்கவில்லை. மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தியாடா, என் குரலைக் கேட்டா எப்படி ஓடி வர்றான்!"

இப்போதும் ஊரில் எல்லார் குரலிலும் பேசுகிறேன். கார்க் கதவு திறந்திருக்கும்வரை மட்டும் நான் பிறவி ஊமை.