முகம் பார்க்காத மாப்பிள்ளை

என் தங்கச்சி புருஷன் டெல்வின் மெனிகோட்ஸ் ஒன்பது வருடமாக என் அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறான். வாரத்துக்கு மூன்று நாள், விடிந்தும் விடியாமலும், லாரியில் பீப்பாய்களை ஏற்றிவந்து அவள் வாசலில் இருக்கும் டிரம்மை நிரப்பிவிட்டுப் போவான். ஆனால் என் அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

சண்டை ஒன்றும் இல்லை. அமெரிக்கப் பழங்குடிகளில் நவஹோக்களான எங்களில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, நேருக்கு நேர் பேசவும் கூடாது. யார் பார்த்தாலும் இருவரில் ஒருவருக்குக் கண் போய்விடும் என்பார்கள். இப்போது பாதிக் குடும்பங்களில் இதை விட்டாயிற்று. மாமியாரும் மருமகனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்கிறார்கள். என் அம்மா பெசி விடவில்லை. “மரியாதைன்னா முழுசா இருக்கணும், இல்லேன்னா வேண்டவே வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்கே வராமல் இருந்தாள்.

இந்த முறையை ஏற்படுத்தியவர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளியாய் இருந்த இடத்தில் வாழ்ந்திருக்க வேண்டும். எங்களுடையதோ பள்ளத்தாக்கு. இந்தப் பக்கம் சிவப்புப் பாறைச் சுவர், அந்தப் பக்கம் சிவப்புப் பாறைச் சுவர், நடுவே மணல் படுகை. உள்ளே போக, வெளியே வர அந்த ஒரே வழிதான். நுழைவாயில் பலகையில் பூங்கா என்று எழுதியிருக்கிறது. எங்களுக்கு அது சோளக் கொல்லையும் ஆட்டுப்பட்டியும். அம்மாவின் வீடு தோட்டத்து வளைவில் இருக்கிறது. டெல்வினின் வேலையோ, சுற்றிப் பார்க்க வருகிற விருந்தாளிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு அந்த வளைவைத் தாண்டிப் போய்த் திரும்புவது. ஆகவே அவன் வளைவுக்கு முன்னால் இரண்டு முறை ஹாரன் அடிப்பான். அம்மா வீட்டுக்குள் போய்விடுவாள். தாண்டியதும் ஒரு முறை அடிப்பான். அவள் வெளியே வருவாள். ஆடுகளை விரட்டத்தான் அடிக்கிறான் என்று விருந்தாளிகள் நினைத்துக்கொள்வார்கள்.

இதில் நாய்ப் பிழைப்பு என்னுடையதுதான். இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால்காரன்.

“உன் மச்சான்கிட்ட சொல்லு, விறகு தடிமனா இருக்கு, அடுப்பு வாயில நுழையல.”

போய்ச் சொல்வேன்.

“அத்தைகிட்ட சொல்லு மச்சான், பேசற வாயைக் கொஞ்சம் சின்னதாக்கிட்டு அடுப்பு வாயைப் பெரிசாக்கிக்கலாம்னு.”

இதை நான் போய்ச் சொல்ல மாட்டேன். எனக்குச் சாயங்காலம் ஆட்டுக்கறிக் குழம்பு வேண்டும். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால், விரல் விரலாகப் பிளந்த விறகு அம்மா வாசலில் அடுக்கியிருக்கும். வேலிக்கம்பத்தின் மேல் சோள மட்டையில் சுற்றிய ரொட்டி சுடச்சுட அவனுக்காகக் காத்திருக்கும்.

ஒரு முறை சின்லி ஊர்க் கடைக்கு இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். டெல்வின் நாய்த்தீனி மூட்டைகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் குந்தியிருந்தான். அம்மாவுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. அன்றைக்கென்று ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, மேலே ஒட்டியிருந்த காகிதத்தை முழுக்கப் படித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

டெல்வின் வெளியூர்க்காரன். வடக்கே ஷோண்டோ பக்கத்திலிருந்து ஒரு சேணத்தோடு வந்தவன். எங்களில் வீடு பெண்ணுடையது. ஆண்தான் புகுந்த வீடு வர வேண்டும். ஆடு மேய்க்க அவனுக்கு வராது. அவன் மேய்த்தால் பத்துப் போகும், ஏழு வரும். ஆனால் விருந்தாளிகளை மேய்ப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

“இந்தப் பாறையை எல்லாம் இப்படி யார் வெட்டினாங்க?” என்று ஒருத்தர் கேட்பார்.

“எங்க மாமியார்தான். கோபம் வந்தா கையில கெடைச்சதை எடுத்து வீசுவாங்க.”

“ஐயோ! அவங்களை நாங்க பார்க்கலாமா?”

“நீங்க தாராளமா பாருங்க. நான்தான் பார்க்கக் கூடாது.”

லாரியே குலுங்கச் சிரிப்பார்கள். அவன் நிஜத்தைச் சொல்கிறான் என்று ஒருவருக்கும் உறைக்காது.

இந்தக் கோடையில்தான் சிரிப்பு நின்றது. ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து அம்மாவுக்குக் கண் மங்கியது. ஆடுகள் எல்லாம் புகை மாதிரி தெரிகின்றன என்றாள். என் சித்தி நெட்டிக்கு வெறும் வாயில் அவல் விழுந்தது.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? மருமகன் பார்த்திருக்கான். பெசிக்குக் கண்ணு போகுது.”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டு வாரத்தில் பள்ளத்தாக்கின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பேச்சு போய்த் திரும்பி வந்தது. ஒரு நாள் என் தங்கச்சி லவீனாவே கேட்டுவிட்டாள்.

“நெசத்தைச் சொல்லு. எங்கம்மாவைப் பார்த்தியா?”

“சத்தியமா பார்க்கலை, லவீனா.”

“அப்போ அவ கண்ணு ஏன் மங்குது?”

மறுநாள் அவன் வேலையிலிருந்து திரும்பியபோது சேணம் வாசலுக்கு வெளியே கிடந்தது. எங்களில் புருஷனின் சேணம் வெளியே வந்துவிட்டால் அதற்கு மேல் வக்கீல் வேண்டியதில்லை. இத்தனையிலும் அம்மா வாயைத் திறக்கவில்லை. மகளின் வாழ்க்கையை நினைத்து வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

“சனிக்கிழமை வர்றவங்கதான் கடைசி, மச்சான். அவங்களைச் சுத்திக் காட்டிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன்” என்றான் டெல்வின். ஒன்பது வருடம் அவன் சொன்ன எதற்கும் சிரித்தே பழகியவன் நான். அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. குதிரை தள்ளிவிட்டதில் என் வலது காலில் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். கால் வலிக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

சனிக்கிழமை அவன் பக்கத்தில் முன் இருக்கையில் மாவுக்கட்டை நீட்டிக்கொண்டு நானும் ஏறிக்கொண்டேன். பின்னால் மின்னசோட்டாவிலிருந்து வந்த ஹால்வர்சன் தம்பதி. அந்த அம்மாள் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், கேள்விக்கு மேல் கேள்வி கேட்டாள். கணவர் பேசவே இல்லை, படமாக எடுத்துத் தள்ளினார். டெல்வின் வழக்கமான வேடிக்கைகளைத்தான் சொன்னான். ஆனால் மாமியார் வேடிக்கையை மட்டும் சொல்லவில்லை.

தோட்டத்து வளைவு வந்தது. வழக்கமாக இடது கரையோரம் அம்மா வீட்டை ஒட்டித்தான் போவோம். அங்கே மணல் கெட்டி. டெல்வின் இரண்டு முறை ஹாரன் அடித்தான். பிறகு லாரியை வலது பக்கம் ஒடித்தான்.

“மச்சான்! முந்தாநாள் தண்ணி ஓடின இடம் அது!”

“தெரியும். கடைசி நாளும் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான்னு ஒரு வாய் பேசக் கூடாது.”

முன் சக்கரம் இரண்டும் இறங்கின. பின்னாலேயே பின் சக்கரமும். மரியாதைக்காக லாரியைப் புதைமணலில் இறக்கிய ஓட்டுநர் உலகத்திலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

தலைக்கு மேலே வானம் நீலமாகத்தான் இருந்தது. ஆனால் கிழக்கே மலை மேல் கருப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்களில் மழைக்கும் ஆண் பெண் உண்டு. மெல்லத் தூறுவது பெண் மழை, இடித்துக் கொட்டிவிட்டு ஓடுவது ஆண் மழை. டெல்வின் அந்தப் பக்கம் உதட்டை நீட்டிக் காட்டினான். “ஆண் மழை. அரை மணி நேரத்துல அந்தத் தண்ணி இங்கே வந்துடும்.”

ஹால்வர்சன் தம்பதியைக் கைபிடித்துக் கரையேற்றிப் பாறையில் உட்காரவைத்தான். பிறகு என்னைத் தூக்கிப் பார்த்தான். நான் கொஞ்சம் பூசினாற்போல் உடம்புக்காரன். மாவுக்கட்டும் சேர்ந்துகொண்டதில் அவன் கால்தான் முழங்கால் வரை இறங்கியது. என்னைத் திரும்ப இருக்கையிலேயே உட்காரவைத்தான்.

“மச்சான், நீ அத்தையோட ரொட்டியை எனக்குக் கொடுக்காம எத்தனை நாள் தின்னே?”

“இப்போ அதுவா முக்கியம்? அம்மா! டிராக்டர்!” என்று கத்தினேன்.

அம்மா டிராக்டரில் வந்தாள். தலையிலிருந்து சால்வையை இழுத்து முகத்தை மூடியிருந்தாள். கரையில் வண்டியைத் திருப்பி, முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே ஓட்டிவந்தாள். அவளை ஏறெடுத்துப் பார்க்காமலிருக்க டெல்வினும் திரும்பி நின்றான். லாரியின் முன்னால் சங்கிலியை மாட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவனும் பின்பக்கமாகவே நடந்தான். இரண்டு முதுகுகளும் ஒன்றையொன்று நோக்கி மெல்ல மெல்ல வந்தன.

பாறையிலிருந்து ஹால்வர்சன் அம்மாள் கேட்டாள்: “இது ஏதாவது சடங்கா?”

“ஆமாங்க. வெளியூரிலேர்ந்து பெரியவங்க வந்தா மட்டும் செய்வோம்” என்றேன். கணவர் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

“அவன்கிட்ட சொல்லு, சங்கிலியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி!” என்றாள் அம்மா.

“மச்சான், சங்கிலியைத் தூக்கிப் பிடி!”

“அத்தைகிட்ட சொல்லு, இன்னும் பத்தடி வரணும்!”

“அம்மா, பத்தடி!”

இருவருக்கும் இடையே இருபதடிதான் இருந்தது. அவர்கள் பேசியது அவர்களுக்கே நன்றாகக் கேட்டது. அப்போது மேல்பள்ளத்திலிருந்து, தூரத்தில் லாரிகள் வரிசையாகப் போவது போல ஓர் உறுமல் வந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். டெல்வின் பின்னால் வைத்த கால் எங்கே போகிறது என்று பார்க்க ஆள் இல்லை.

“மாப்ளே! வலது காலை வைக்காதீங்க! அங்கே புதைமணல்!”

டெல்வின் தூக்கிய காலோடு கொக்கு மாதிரி நின்றுவிட்டான். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அம்மா அவனிடம் நேரே பேசியிருக்கிறாள். அவன் திரும்பவில்லை.

“மச்சான்,” என்றான் மெதுவாக. “அத்தை எந்தப் பக்கம் பார்த்துட்டிருக்காங்க?”

நான் பார்த்தேன். அம்மா சால்வையை விலக்கி, கழுத்தை முழுக்கத் திருப்பி, கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தாள்.

“உன் பக்கம்தான்” என்றேன்.

“பேச்சு அப்புறம்! இடது கால், மாப்ளே. இன்னும் ஓரடி. இன்னும். குனியுங்க, டிராக்டர் கொக்கி கைக்கிட்டயே இருக்கு!” என்று கத்தினாள் அம்மா.

கொக்கி மாட்டியது. டிராக்டர் கதறியது. என்னையும் மாவுக்கட்டையும் சுமந்துகொண்டு லாரி புதைமணலிலிருந்து பிடுங்கிக்கொண்டு கரையேறியது. ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம்தான் ஆகியிருக்கும். பழுப்புத் தண்ணீர் வேர்களையும் கிளைகளையும் உருட்டிக்கொண்டு நாங்கள் இருந்த இடத்தை மூடிப் போயிற்று.

டெல்வின் லாரியைப் பிடித்துக்கொண்டு பாறையைப் பார்த்தபடி நின்றான். அம்மா டிராக்டரிலிருந்து இறங்கவில்லை.

“நான் பார்த்தேன், மாப்ளே. இன்னைக்கு மட்டும் இல்லை, ஒன்பது வருசமா பார்க்கறேன். நீங்க ஹாரன் அடிப்பீங்க, நான் உள்ளே போய்க் கதவு இடுக்குல கண்ணை வைப்பேன். பொண்ணைக் கொடுத்துட்டு, எந்த மூஞ்சிகிட்ட கொடுத்தோம்னு தெரியாம ஒருத்தி இருக்க முடியுமா? மூக்கு கோணல். நடை வாத்து நடை. ஒரு நாளோட விட்டுடலாம்னுதான் இருந்தேன். ஆனா எலி விழுந்துடப் போகுதுன்னு டிரம்மை மூடி, மேல கல்லு வெச்சுட்டுப் போனீங்க பாருங்க. அதுக்கப்புறம் பார்க்காம இருக்க முடியலை.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

“அப்போ ஊரே இவனைத் தின்னப்போ ஏம்மா வாயை மூடிட்டு இருந்தே? இவன் சேணம் வெளியே கிடக்கே!”

“வெக்கம்டா. இந்த வயசுல கதவு இடுக்குல பார்த்தேன்னு எந்த வாயால சொல்றது?” பிறகு டெல்வினைக் கூப்பிட்டாள். “திரும்புங்க, மாப்ளே. இனிமே என்ன இருக்கு? நீங்களும் ஒரு தடவை பார்த்துடுங்க.”

ஹால்வர்சன் அம்மாளுக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது போலும். கணவரின் கைபேசியை வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். “திரும்ப வேண்டாம், இதோ படத்தில் பாருங்கள், நன்றாக விழுந்திருக்கிறது!” டெல்வின் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டான்.

“மச்சான், அத்தைகிட்ட சொல்லு,” என்றான். “நான் பார்க்கலைன்னு உன் தங்கச்சி முன்னாடி சத்தியம் பண்ணியிருக்கேன். இப்போ பார்த்தா அது பொய்யாயிடும்.”

அவள் காது அங்கேதான் இருந்தது. இருந்தாலும் நான் போய்ச் சொன்னேன், வார்த்தை மாறாமல். அம்மா சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அன்றே அவள் லவீனாவின் வீட்டுக்குப் போனாள். நெட்டிச் சித்தியும் வந்திருந்தாள், நல்லதாய்ப் போயிற்று. இரண்டு பேர் எதிரிலும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுச் சேணத்தைத் தானே உள்ளே தூக்கிவைத்தாள். லவீனா வாசலில் போய் நின்று, டெல்வின் வரும்வரை நகரவில்லை.

கண்ணில் புரை விழுந்திருக்கிறது, எந்த ஊரிலும் வயதானவர்களுக்கு வருவதுதான் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அம்மா நம்பவில்லை. ஒன்பது வருடத் திருட்டுக்கு இந்தத் தண்டனை போதாது என்றுதான் இன்றும் சொல்கிறாள். இருந்தாலும் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டாள்.

அம்மாவின் கண் கட்டை அவிழ்த்த வாரம் டெல்வின் தண்ணீர் ஊற்றிவிட்டு என்னிடம் வந்தான். “அத்தை வீட்டுக்குள்ள மணிச் சத்தம் கேட்குதே, ஆடு ஏதாவது புகுந்துடுச்சா?” நான் போய்ப் பார்த்தேன். அம்மா தன் சால்வையின் முனையில் சின்ன வெள்ளி மணிகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்து மாமியார்கள் அணிவது அது. மணிச் சத்தம் முன்னால் வரும், மருமகன் திரும்பிக்கொள்வான். அம்மா அதுவரை அணிந்ததே இல்லை. மணி கட்டிக்கொண்டால் கதவு இடுக்குக்குச் சத்தமில்லாமல் போக முடியாதே.

“இப்போ எதுக்கும்மா இது? உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே.”

அவள் ஊசியில் தானே நூல் கோத்தாள்.

“அதனாலதான்டா” என்றாள்.