அந்தப் பக்கத்து வாட்ச்மேன்

மேஜைக்கடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முழங்கால் வலிக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு நான் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளறையில் எடுத்த படம் முன்னறைக் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. அதைச் சரிசெய்யத்தான் அந்தக் கால்கள் வந்திருந்தன.

"அனுமதி இல்லைங்குது. உள்ள இருக்கிறவர்தான் வேணும்னே பூட்டி வெச்சிருக்காரு" என்றாள் முன்மேஜைப் பெண்.

"ஆமா, பூட்டிட்டு சாவிய முழுங்கிட்டேன். வயித்த எக்ஸ்ரே எடுத்துப் பாரு" என்றார் உள்ளே படமெடுப்பவர்.

மேஜைக்கடியிலிருந்து குரல் வந்தது: "வயரெல்லாம் சரியாத்தான் இருக்கு. மனுசங்கள அப்புறமா சந்தேகப்படுங்க. மொதல்ல வாட்ச்மேனத் தூங்க வெப்போம்."

வெளியே வந்த தலை முழுக்க ஒட்டடை. சொந்தக்காரர்கள் அவனுக்கு வைத்திருக்கும் பெயரும் அதுதான். என் பெரிய அக்காவின் இளைய மகன். காது இரண்டும் அப்படியே எங்கள் தாய்மாமாவின் காது. அந்த மாமாவும் ஓடாத கடிகாரத்தைக் கண்டால் சாப்பாடு இறங்காத ஆள்.

வாட்ச்மேன் என்று ஒட்டடை சொல்வது ஆன்டிவைரஸை. கெட்டது எதுவும் உள்ளே வராமல் கம்ப்யூட்டருக்குக் காவல் நிற்பது அதன் வேலை. சில நாள் அதற்குக் கிறுக்குப் பிடித்துவிடும். "அப்டேட் ஆச்சுன்னா, நேத்து வரைக்கும் வந்து போயிட்டிருந்த பக்கத்து ரூம் கம்ப்யூட்டரையே வெளியாளுன்னு நெனச்சிக்கும் சித்தி. பாவம், அதுக்கு ஆள் அடையாளம் காட்டணும்" என்பான்.

நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டு, உள்ளறைக் கம்ப்யூட்டரின் வாட்ச்மேனைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தான். முன்னறையில் என் முழங்கால் பளிச்சென்று வந்து நின்றது. அப்படியே விட்டுவிட்டுப் போகமாட்டான். மறுபடி எழுப்பி, "இவங்க நம்மாளுங்கப்பா, மறிக்காத" என்று வாயாலும் சொல்லி, திரையிலும் அமைத்துவிட்டுத்தான் எழுந்தான். சண்டை போட்ட இரண்டு பேரும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதில் அவனுக்கு ஓர் ஆசை.

வீட்டுக்கு வந்தால் ஆளே வேறு. நான் இருப்பதும் அவனோடுதான். அவனும் அவன் அண்ணனும் ஒரே மாடியில் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு துளை, துளைக்குள் ஒரு வயர். இரண்டு பேரும் சேர்ந்து, சுண்ணாம்புத் தூளில் தும்மிக்கொண்டே இழுத்த வயர். அண்ணன் கம்ப்யூட்டரில் குடும்பப் படங்களைப் போட்டு வைக்கும் ஃபோல்டர் இவனுக்கும் இங்கிருந்தே திறக்கும்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நடந்த அன்று ஏதோ ஓர் அலுவலகத்தில் ஃபோல்டர் திறக்கவில்லை என்று ஆள் வர, "இதோ வந்துடறேன்" என்று ஓடினான். திரும்பியபோது நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் படம் ஒன்றில்கூட சித்தப்பன் இல்லை. அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டான். ஆனால் ஃபோல்டரை மூடவில்லை. பேரன் பிறந்ததும் படம் போட்டான். குழந்தை குப்புற விழுந்ததும், பல் முளைத்ததும் வந்தன. காலையில் பல்கூடத் துலக்காமல் இவன் அதைத் திறந்து பார்ப்பான். "கண்ணு அப்படியே அண்ணன் கண்ணு" என்று எனக்கும் காட்டுவான். அவர்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான்.

போன வாரம் அந்த ஃபோல்டரும் திறக்கவில்லை. அனுமதி இல்லை என்றது.

"மூடிட்டான் சித்தி" என்றான்.

"ஊரான் வீட்டு வாட்ச்மேனையெல்லாம் தூங்க வைக்கிறியே, உன் வீட்டுது மட்டும் என்ன மாப்பிள்ளையா? நிறுத்திப் பாரேன்டா."

"நிறுத்தியும் தொறக்கலன்னா?"

சொந்தக் கம்ப்யூட்டரைத் தொடாமலே வளைய வந்தான். திரையைப் பார்ப்பான், துண்டைப் போட்டு மூடுவான். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதால் கையிலிருக்கும் வேலை நின்றுபோகும். அந்தக் குழந்தையை அவன் இன்னும் தூக்கியதில்லை.

நேற்றுக் காலை துண்டை எடுத்தான். வாட்ச்மேனை நிறுத்தினான். ஃபோல்டரைத் தட்டினான். திறக்கவில்லை.

"நம்ம பக்கம் கோளாறு இல்ல" என்றான் மெதுவாக. "அந்தப் பக்கத்து வாட்ச்மேனா இருக்கலாம். இல்ல, அண்ணனா இருக்கலாம்."

"எதுன்னு எப்படிடா தெரியும்?"

"அங்க போய், அவன் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாத்தான் தெரியும்."

எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டான். வேலைக்குக் கொண்டு போகும் பையைத் தோளில் மாட்டினான். "கேட்டா, ரிப்பேர் பாக்க வந்தேன்னு சொல்லிக்கிறேன்" என்றான். எனக்கா, தனக்கா என்று தெரியவில்லை.

வாசல் தாண்டியவன் திரும்பி வந்தான். பையைக் கழற்றி என் மடியில் வைத்தான். வெறுங்கையோடு போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினான்.